போரில் இடம்பெயர்ந்து நம் தோட்டப் பட்டணத்துக்கு வந்தவர்கள்: எங்கள் ஆவணப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் எடுத்த 26 நிமிட ஆவணப்படத்தை முதலில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் காட்டினோம். அப்புறம் பக்கத்துத் தோட்டங்களில் நான்கைந்து இடங்களில் திரையிட்டோம். ஈழப் போரில் இடம்பெயர்ந்து, இன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் தோட்டப் பட்டணத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் மூன்று தமிழ்க் குடும்பங்களைப் பற்றிய படம் அது. ஒவ்வொரு திரையிடலுக்குப் பிறகும் படத்தின் நீளத்தைவிட அதிக நேரம் கேள்விகள் வந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

படம் போரைப் பற்றியதா?

போர் முடிந்த பிறகு தொடங்கிய காலத்தைப் பற்றியது. படத்தில் அதிகம் நடப்பது காத்திருப்பு. ஓர் அக்கா சமைத்துக்கொண்டிருக்கிறார். தெரியாத எண்ணிலிருந்து போன் வருகிறது. அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறார். கடன் அட்டை விற்கிற ஆள். வைத்துவிட்டு மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்கிறார். அது ஐ.நா. அகதிகள் ஆணையத்திலிருந்து வரும் அழைப்பாக இருக்கும் என்று பல வருடங்களாக இப்படித்தான் எடுக்கிறார். படத்தின் முதல் காட்சியே அதுதான். அந்த ஒரு காட்சி மனதில் நின்றால் போதும், மீதிப் படம் புரிந்துவிடும்.

ஏன் யாருடைய முகத்தையும் காட்டவில்லை? ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லவில்லையே?

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் சேரவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில், அதாவது 1959/63 சட்டத்தில், அகதி என்ற சொல்லுக்கு இடமே இல்லை. பெர்மிட் இருப்பவர், பெர்மிட் இல்லாதவர் என்ற இரண்டே வகைதான். பெர்மிட் இல்லாமல் நுழைந்தவருக்கு அதன் 6ஆவது பிரிவின்படி 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை விதிக்கலாம். அப்படியிருக்க ஒருவரின் முகத்தைத் திரையில் காட்டிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது.

அதனால் கைகள், முதுகு, சுவரில் விழும் நிழல், வாசலில் கிடக்கும் செருப்பு, இவ்வளவுதான் திரையில் வரும். கடைப் பெயர்ப்பலகைகளையும் பேருந்து நிலையத்தையும் வெட்டிவிட்டோம். ஒருவரின் குரலையும் மாற்ற வேண்டியிருந்தது. அவர் ஊரில் இன்னும் தாய் இருக்கிறார், அங்கே யாராவது கேட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்றார். அவர் சொன்னதை எழுதி வேறொரு பெண்ணைப் பேசவைத்தோம். என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள் என்பதும் படத்தில் இல்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

படம் முடிந்ததும் முதலில் அவர்களுக்குத்தான் போட்டுக் காட்டினோம். கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு காட்சி எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் நிற்கும் கூட்டத்தில் தங்களைத் தெரிகிறது என்றார்கள். எடுத்துவிட்டோம்.

போர்க் காட்சிகள் ஒன்றுகூட இல்லையே? இருந்தால் மக்கள் மனம் இளகும் அல்லவா?

அந்தக் காட்சிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அந்த அக்காவின் தம்பி 2009 ஏப்ரலில், போரின் கடைசிக் கட்டத்தில், முல்லைத்தீவுக் கரையோரம் மாத்தளனில் காணாமல் போனார். எங்காவது ஒரு காணொளியில் தரையில் கிடப்பவர் அவராக இருந்துவிடுமோ என்று பயந்து, இத்தனை வருடமாக அந்தப் படங்கள் எதையும் அவர் பார்ப்பதில்லை. அவர் கதையைச் சொல்லும் படத்தில் அதையே நாங்கள் எப்படிப் போடுவது?

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் இவர்களைச் சந்திப்பவர்கள் முதலில் கேட்பது குண்டு விழுந்ததா, எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான். வீட்டு வாடகை என்ன, பையன் எங்கே படிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நடந்ததை நாம் மாற்ற முடியாது. இங்கே நடப்பது நம் கண் முன்னால் நடக்கிறது. படத்தில் அதைத்தான் காட்ட விரும்பினேன்.

எப்படி மலேசியாவுக்கு வந்து சேர்ந்தார்கள்? படகிலா?

படத்தில் வரும் மூன்று குடும்பமும் விமானத்தில்தான் வந்தார்கள். சுற்றுலா விசாவில் வந்து இறங்கினார்கள், விசா முடிந்தது, திரும்பிப் போக முடியவில்லை.

படகுப் பயணமும் உண்மைதான். போர் முடிந்த அதே ஆண்டு அக்டோபரில், 250க்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் ஏறிய படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் போகும் வழியில் இந்தோனேசியாவின் மேராக் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. இறங்க மறுத்து மாதக்கணக்கில் படகிலேயே இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 'சன் சீ' கப்பல் 492 பேருடன் கனடாவின் மேற்குக் கரையைச் சென்றடைந்தது. அது புறப்பட்டது தாய்லாந்துப் பக்கமிருந்து. மலேசியாவும் தாய்லாந்தும் பலருக்கு இடையில் இறங்கிய இடம்தான். அப்படி இடையில் இறங்கியவர்களில் சிலர் இங்கேயே நின்றுபோனார்கள்.

கையில் யூஎன் கார்டு இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை?

இதுதான் அதிகம் பேர் கேட்பது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐ.நா. அகதிகள் ஆணையம் வியட்நாம் படகு மக்கள் வரத் தொடங்கிய 1975இலிருந்து மலேசியாவில் வேலை செய்கிறது. திரெங்கானு கரைக்கு அப்பால் பீடோங் தீவு முகாம் 1978இல் திறந்து 1991இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 250,000 பேர் அதன் வழியாகப் போனார்கள். அவர்களை ஏற்க வெளிநாடுகள் முன்வந்தன. இன்று அப்படி ஏற்கும் நாடுகள் குறைந்துவிட்டன. உலக அகதிகளில் ஓர் ஆண்டில் மூன்றாம் நாட்டில், அதாவது சொந்த நாடும் தஞ்சம் புகுந்த நாடும் அல்லாத வேறொரு நாட்டில், குடியேறும் வாய்ப்புக் கிடைப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அமெரிக்கா 2025 ஜனவரியில் தன் அகதிகள் சேர்க்கையையே நிறுத்திவைத்தது.

யூஎன் கார்டு என்கிற அந்த அட்டை, ஐ.நா. இவரை அகதியாகப் பதிந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. தங்கும் உரிமையையோ வேலை செய்யும் உரிமையையோ அது தருவதில்லை. சாலையில் நிறுத்தும் அதிகாரி அதைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டால் ஐ.நா. ஆட்கள் போய்ப் பார்க்கவும் வழியில்லை. 2019 ஆகஸ்டு முதல் அவர்களுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. 2014 மே மாதம் ஐ.நா.வில் பதிந்திருந்த மூன்று இலங்கைத் தமிழர்களை நம் நாடு திருப்பி அனுப்பியது. அந்தச் செய்தி வந்த வாரம் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை என்று படத்தில் ஓர் அண்ணன் சொல்கிறார்.

மருத்துவமனையில் மட்டும் அட்டைக்குக் கொஞ்சம் பலன் உண்டு. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் பாதி குறையும். ஆனால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி என்பதும் நாம் கட்டும் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி மாதிரி இல்லை. பிரசவத்துக்குப் போனால் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளியில் படிக்கலாமே?

முடியாது. தமிழ்ப்பள்ளியும் அரசுக் கல்வி முறைக்குள்தான் வருகிறது. அகதிப் பிள்ளைகளைச் சேர்க்க இடமில்லை. பெரிய நகரங்களில் அகதிச் சமூகங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் மையங்கள் இருக்கின்றன. எங்கள் மாதிரிச் சிறு பட்டணத்தில் அதுவும் கிடையாது.

படத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் வருகிறான், கை மட்டும். அவன் வீட்டு ஜன்னலிலிருந்து தமிழ்ப்பள்ளித் திடல் தெரியும். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து கேட்கும், இவனும் கூடவே பாடுவான். அந்தப் பள்ளியில் மாணவர் போதவில்லை, மூடிவிடுவார்களோ என்று நாமெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். தோட்டம் காலியாகி, சனங்கள் பட்டணத்துக்குப் போய், ஒரு வகுப்பில் ஆறு பிள்ளை, ஏழு பிள்ளை என்று ஆகிவிட்டது. நாற்பதடி தூரத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இதைப் படமாக்கிய அன்று எனக்குக் கேமராவைப் பிடிக்க முடியவில்லை.

போர்தான் 2009இலேயே முடிந்துவிட்டதே. ஏன் இன்னும் திரும்பிப் போகவில்லை?

நியாயமான கேள்விதான். பல பேர் திரும்பிப் போயும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு, அதனால் அந்த அக்காவின் கதையை மட்டும் சொல்கிறேன்.

அவர் கிளிநொச்சியில் இருந்தவர். 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி ராணுவத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்பே சனம் கிழக்கே நகரத் தொடங்கிவிட்டது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வோர் இடத்திலும் கூடாரம் போட்டு, பங்கர் வெட்டி, மறுபடியும் மூட்டை கட்டினார்கள். மே 18 அன்று எல்லாம் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. தப்பியவர்களை வவுனியாவுக்கு அருகே மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் வைத்தார்கள். அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

முகாமிலிருந்து வெளியே வந்த பிறகும் விசாரணை நிற்கவில்லை. அவருடைய கணவரை மூன்று முறை கூட்டிப் போனார்கள். அங்கே 1979இல் தற்காலிகச் சட்டமாகக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஒருவரை நீண்ட காலம் வழக்கில்லாமல் வைத்திருக்கலாம். நான்காவது முறை கூப்பிடுவதற்கு முன்னால் கிளம்பி வந்துவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை போர் முடிந்த தேதி ஒன்று, தாங்கள் ஓடி வந்த தேதி வேறொன்று.

இவர்கள் சிலோன்காரர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து நம்மை மதிக்காதவர்கள்தானே?

இதை மண்டபத்தில் ஒரு தாத்தா எழுந்து கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அவருக்குள் இருந்த பழைய வலியைக் கேட்டார். அதனால் மறைக்காமல் பதில் சொல்கிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்களைக் கொண்டுவந்து ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தோட்ட ஆபீசிலும் வைத்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் ஆள் சேர்க்கும் கங்காணி மூலம் கப்பலேறிப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்ட வந்தவர்கள். ஒரே மொழி பேசினாலும் ஒருவர் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிடுகிறவர், மற்றவர் வரிசையில் நிற்கிறவர். அந்த இடைவெளி உண்மை. அதை யாரும் கற்பனையாகச் சொல்லவில்லை.

ஆனால் இந்த அக்கா அந்த வழியில் வந்தவர் அல்ல. அவருடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணியால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகப்பட்டவர். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 1977 கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குத் தீ வைத்தபோது, அவருடைய தாத்தா குடும்பம் மலையகத்தின் ஹட்டன் பக்கத்திலிருந்து வடக்கே ஓடிக் கிளிநொச்சிக் காட்டு நிலத்தில் குடிசை போட்டது. அக்கா பிறந்தது அங்கே. முப்பது வருடம் கழித்து அங்கிருந்தும் ஓடினார்.

படத்தில் அவர் "லயத்துக் காம்பரா" என்று சொல்லும் இடம் வரும். மண்டபத்தில் முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி சத்தமாக, "அங்கேயும் லயமா?" என்று கேட்டார். படத்தை நிறுத்திவிட்டோம். அந்தப் பாட்டியின் அப்பா முசிறிப் பக்கம். ஆயக்கொட்டாய் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை), பெரட்டு, கங்காணி, மண்டோர் (மேற்பார்வையாளர்) என்று அவர் சொல்லச் சொல்ல, எங்களிடம் அந்த அக்கா சொல்லியிருந்த பிரட்டுக்களமும் (ஆள் கணக்கெடுக்கும் இடம்) கொழுந்து மடுவமும் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நினைவுக்கு வந்தன. கேள்வி கேட்ட தாத்தா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. போகும்போது அந்த அக்காவுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுங்கள் என்று ஐந்து வெள்ளியை என் கையில் திணித்தார்.

நமக்கே நாட்டில் ஆயிரம் குறை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீடில்லை, இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஏன் பேச வேண்டும்?

சிவப்பு ஐசி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் என்பதால்தான் நாம் பேச வேண்டும் என்கிறேன்.

என் தாத்தா நாடு சுதந்திரம் பெற்ற 1957க்குப் பிறகும் குடியுரிமைக்கு மனுப்போடவில்லை. படிப்பில்லை, சொல்ல ஆளில்லை, பிறந்த ஊருக்கு ஒருநாள் போய்விடலாம் என்ற நினைப்பு வேறு. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று வந்தது. நாடு முழுக்கத் தோட்டங்களில் இந்தக் கதைதான். பல்லாயிரம் பேர் பிறந்த பிள்ளைகளோடு மெட்ராசுக்குக் கப்பலேறினார்கள். என் தாத்தாவுக்குப் பெர்மிட் கிடைத்தது, அவர் தங்கைக்குக் கிடைக்கவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் ராஜுலா கப்பலில் ஏற்றிவிட்டு வந்தவர், அப்புறம் அந்தத் தங்கையைப் பார்க்கவே இல்லை. ஒரு காகிதம் இல்லாததால் ஒரு குடும்பம் எப்படி உடையும் என்பது எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் இருக்கிறது.

போரில் இடம்பெயர்ந்த கதையும் நமக்குப் புதிதல்ல. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கொள்ளை நோயிலும் பட்டினியிலும் செத்தவர்கள் போக, திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. எங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மெனிக் பாம் பற்றி அக்கா சொல்லும்போது அவர்கள்தான் முதலில் தலையாட்டினார்கள்.

அவர்களுக்கு உரிமை கொடுத்தால் நமக்கு வேலை போகும் என்ற பயமும் இருக்கிறது, புரிகிறது. ஆனால் இப்போதும் அவர்கள் வேலை செய்துதான் சாப்பிடுகிறார்கள். பெர்மிட் இல்லாததால் பாதிக் கூலிக்கு வேலை செய்கிறார்கள், சில முதலாளிகள் அதையும் தராமல் ஏமாற்றினால் புகார் கொடுக்கவும் வழியில்லை. நம் கூலியைக் கீழே இழுப்பது அதுதான்.

அரசாங்கம் நினைத்தால் என்ன செய்ய முடியும்?

செய்த முன்மாதிரிகள் இருக்கின்றன. 1970களில் சபாவுக்கு ஓடி வந்த தென் பிலிப்பைன்ஸ் மக்களுக்கு ஐஎம்எம் 13 என்ற அனுமதி அட்டை கொடுத்தார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மக்களுக்கும் கொடுத்தார்கள். 2015இல் 3,000 சிரியா அகதிகளை ஏற்பதாக அறிவித்தார்கள். 2017இல் 300 ரோஹிங்கியாக்களைத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலைக்கு வைக்கும் முன்னோடித் திட்டம் ஒன்று வந்து, ஆள் சேராமல் நின்றது. உடன்படிக்கையில் கையெழுத்திடாமலே இவ்வளவும் நடந்திருக்கிறது. வேலை செய்ய ஒரு அட்டை, பிள்ளை படிக்க ஒரு இடம், இந்த இரண்டும் கிடைத்தால் படத்தில் வரும் மூன்று குடும்பமும் யாரிடமும் கை நீட்டப் போவதில்லை.

மலேசியாவில் அதிகம் இருப்பவர்கள் மியன்மார் அகதிகள்தானே? தமிழர்களை மட்டும் எடுத்தது சரியா?

ஐ.நா.வில் பதிந்த 150,000க்கும் மேற்பட்ட அகதிகளில் மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள்தான், ரோஹிங்கியாக்கள், சின் மக்கள், இன்னும் பலர். ஈழத் தமிழர் சிறு தொகை. எனக்கு நேரடியாகப் பேசத் தெரிந்த மொழியில் தொடங்கினேன், அவ்வளவுதான். எங்கள் ஊர் இரவுச் சந்தையில் ரோஹிங்கியாக்களைப் பற்றி நம்மவர்கள் பேசும் பேச்சு என்னைக் கூனிக் குறுக வைக்கிறது. நம் சாதிசனம் என்பதால் மட்டும் ஒருவர்மேல் இரக்கம் வருமானால், இந்தப் படத்தை நான் சரியாக எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நாங்கள் எப்படி உதவலாம்?

பழைய துணி வேண்டாம். நிறையச் சேர்ந்துவிட்டது.

வீடு வைத்திருப்பவர்கள் நியாயமான வாடகைக்குக் கொடுங்கள், அட்டையைக் காட்டி இரட்டை முன்பணம் கேட்காதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரம் இரண்டு மணி நேரம் ஒரு பிள்ளைக்கு மலாயும் கணக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மலாய் தெரிந்த ஒருவர் கூடப் போனால் அது பெரிய உதவி. வேலைக்கு வைக்க நினைப்பவர்கள் முதலில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெர்மிட் இல்லாதவரை வைத்தால் முதலாளிக்கும் தண்டனை உண்டு, பிடிபட்டால் அதிகம் இழப்பது அவர்கள்தான்.

உதவும்போது போட்டோ எடுக்காதீர்கள். அரிசி மூட்டையோடு நிற்கவைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதால் ஒரு குடும்பம் வீடு மாற வேண்டியதாயிற்று.

படத்தை இணையத்தில் போடுவீர்களா?

இல்லை. கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும்தான். மண்டபமும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் நாங்களே கருவியோடு வருகிறோம், கட்டணம் இல்லை. பார்ப்பவர்கள் கைபேசியில் பதிவு செய்யக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

அந்தக் குடும்பங்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

ஒரு குடும்பம் மூன்றாம் நாட்டுக்குப் போய்விட்டது. எந்த நாடு என்று சொல்ல வேண்டாம் என்றார்கள். மற்ற இரண்டு குடும்பங்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

ஜன்னலோரம் பாடிய அந்தப் பையனுக்கு, அந்த அக்காவின் மகனுக்கு, இப்போது பதின்மூன்று வயது. முன் வரிசையில் இருந்து லயத்தைப் பற்றிக் கேட்ட பாட்டியின் மகள் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போய்ப் படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், மலாய் கட்டுரைதான் இன்னும் தடுமாறுகிறது. பாட்டி அவனுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு ஹட்டனைப் பற்றிக் கேட்பார். அவன் ஹட்டனைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டு, அடுத்த சனிக்கிழமை வந்து சொல்கிறான்.